காவல் நிலையத்தில் புகார் கொடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

காவல் நிலையத்துக்குள் போகிறவர்களில் பெரும்பாலோர், சலுகை கேட்டு வந்தவர்களைப் போலத்தான் நிற்கிறார்கள். "ஐயா, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று தொடங்கும்போதே பாதி உரிமை கைநழுவிவிடுகிறது. பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்திருக்கிறது என்று தகவல் வந்தால், முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும். லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பரில் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவும் இந்தக் கடமையைத்தான் பேசுகிறது. புகார் கொடுப்பவருக்கு இது தெரிந்திருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே எதிரில் இருப்பவரின் பேச்சும் மாறுகிறது. நம் ஊரில் அதிகாரம் நடைமுறையில் இப்படித்தான் இயங்குகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வாயால் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவதைப் போலச் சேதம் தரும் தவறு வேறில்லை. வாய்மொழியாகச் சொன்னாலும் அதிகாரி அதை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் எதுவும் எழுதப்படாவிட்டால், நீங்கள் அங்கே போனதற்கே ஆதாரம் கிடையாது. புகாரை இரண்டு பிரதிகளாக எழுதிக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் தேதியும் நிலைய முத்திரையும் வாங்குங்கள்.

அடுத்ததாக, தமிழ்நாட்டில் பலரும் ஏமாறும் இடம் சி.எஸ்.ஆர். ரசீது. மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. அதைக் கையில் வாங்கியதும் வழக்குப் பதிந்துவிட்டார்கள் என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஏராளம். முதல் தகவல் அறிக்கை என்றால் அதற்குக் குற்ற எண் இருக்கும், சட்டப் பிரிவுகள் இருக்கும், அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். குற்ற எண் இல்லாத தாளை வைத்துக்கொண்டு "கேஸ் போட்டாச்சு" என்று நிம்மதி அடையாதீர்கள். மூன்று ஆண்டுக்குக் குறையாமலும் ஏழு ஆண்டுக்குள்ளும் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு, வழக்குப் பதியும் முன் பூர்வாங்க விசாரணை நடத்தப் புதிய சட்டம் இடம் தருகிறது. அதற்கும் பதினான்கு நாள்தான் கெடு. அதைத் தாண்டியும் "விசாரித்துக்கொண்டிருக்கிறோம்" என்ற பதில் வந்தால், எந்தப் பிரிவின் கீழ் விசாரணை என்று எழுத்தில் கேளுங்கள்.

பேசி முடித்துவைக்கும் கட்டம் ஒன்று வரும். மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இதுதான். "நாளைக் காலை பத்து மணிக்கு வாருங்கள், இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசிவிடலாம்" என்பார்கள். மறுநாள் போனால், அடிபட்டவர் பெஞ்சின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பார். அடித்தவரோ உள்ளூர்ப் பிரமுகர் நான்கு பேரோடு வந்து, இன்ஸ்பெக்டருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒரு மணி நேரம் அறிவுரை நடக்கும். பிறகு ஒரு வெள்ளைத்தாள் நீட்டப்படும். "நாங்கள் சமாதானமாகப் போகிறோம், மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று இரண்டு வரி. அதில் கையெழுத்துப் போட்டால் உங்கள் மனு அன்றே முடித்துவைக்கப்படும். மறுபடி அடி விழுந்து நீங்கள் வந்தால் அந்தத் தாள்தான் முதலில் எடுத்துக் காட்டப்படும். உண்மையிலேயே சமாதானம் வேண்டும் என்றால் செய்துகொள்ளுங்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் அந்த அறையில், அந்த முகங்களுக்கு நடுவே, அன்றைக்கே முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. "வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறேன்" என்று எழுந்து வரலாம். வெற்றுத்தாளில் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்துப் போடாதீர்கள். புலன்விசாரணையின்போது போலீசாரிடம் சாட்சிகள் தரும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்வதும் பலருக்குத் தெரிவதில்லை.

புகார் வலுவாக இருக்கட்டும் என்று நடக்காததைச் சேர்ப்பது இன்னொரு தவறு. ஒருவர் அடித்தார் என்றால், கூடவே அவருடைய அண்ணன், மைத்துனர், வயதான அம்மா என எல்லாருடைய பெயரையும் சேர்க்கச் சொல்லும் யோசனைக்காரர்கள் எங்கும் உண்டு. குறுக்கு விசாரணையில் அந்த ஒரு பொய் உடைந்தால், நடந்த உண்மையும் சந்தேகத்துக்கு உள்ளாகும். தெரிந்தே பொய்ப் புகார் கொடுப்பது தனிக் குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம். "என்னைக் கொடூரமாகத் தாக்கிக் கொலை மிரட்டல் விடுத்தனர்" என்ற வழக்கமான வரியை விட, "மாலை ஆறரை மணிக்கு, தெருக்குழாய் அருகே, உருட்டுக்கட்டையால் என் இடது முழங்கையில் இரண்டு முறை அடித்தார், அப்போது எதிர்வீட்டுக்காரர் அங்கே இருந்தார்" என்ற வரி பத்து மடங்கு கனமானது. மிரட்டல் உண்மையிலேயே இருந்தால், சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். காயம் இருந்தால் அரசு மருத்துவமனைக்கு முதலில் போங்கள். புகார் தாமதமானால் ஏன் தாமதம் என்று புகாரிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

சாதி சொல்லி இழிவுபடுத்தப்பட்டவர்கள் கொடுக்கும் புகார்களில் ஒரு குறை திரும்பத் திரும்ப வருகிறது. எந்தச் சொல், எந்த இடம், யார் காதில் விழுந்தது என்ற மூன்றும் விடுபட்டுப்போகின்றன. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இழிவுபடுத்தும் குற்றம் நிலைக்க, அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். கூச்சத்தாலும் வேதனையாலும் அந்தச் சொல்லை எழுதாமல் "தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்று முடித்துவிட்டால், வழக்கின் உயிரே போய்விடும். இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதியப் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 2018ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியிருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராத அரசு ஊழியர் இந்தச் சட்டப்படியான கடமையை வேண்டுமென்றே புறக்கணித்தால், அவருக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. யாரிடம் சாதி அதிகாரம் இருக்கிறதோ, அவருக்கு நிலையத்திலும் நாற்காலி கிடைக்கும் ஊர்களில், இந்த விதிகளைத் தெரிந்துவைத்திருப்பது கட்டாயம்.

கைமாற்றாகக் கொடுத்த பணம் திரும்பவில்லை என்று போலீசிடம் ஓடுவதும் பெரும்பாலும் வீண். தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட முடிந்தால்தான் அது மோசடி. இல்லையேல் அது சிவில் வழக்கு. வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டுதான் காலவரம்பு. நிலையத்தில் "வாங்கிக் கொடுத்துவிடுகிறோம்" என்ற வாக்குறுதியை நம்பியே அந்த மூன்று ஆண்டைத் தொலைத்தவர்கள் உண்டு.

"இது எங்கள் எல்லை இல்லை" என்ற பதிலோடு திரும்பிவராதீர்கள். எல்லை எதுவானாலும் புகாரைப் பெற்று, உரிய நிலையத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்பது இப்போது சட்டத்திலேயே இருக்கிறது.

பதிய மறுத்தால், பலரும் நேராக முதல்வரின் தனிப்பிரிவுக்கு மனு போடுகிறார்கள். அந்த மனு சுற்றி வந்து அதே நிலையத்தின் மேசைக்கே சேருவது வழக்கம். புகாரின் சாரத்தை எழுத்தில் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், மாநகரமானால் கமிஷனருக்கு. தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம். வழக்குப் பதிந்து விசாரிக்க அவர் உத்தரவிட முடியும். எஸ்.பி. படியைத் தாண்டிக் குதித்தால் அந்த மனு அங்கேயே நின்றுபோகலாம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று ஒதுங்க வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எதுவானாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவை நாடலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். வழக்குப் பதிந்த பிறகு, விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைத் தொண்ணூறு நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அதையும் எழுத்திலேயே கேளுங்கள்.