இன்ஹேலர் வாங்கும் முன் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்

ஆஸ்துமாவுக்கு அழுத்தி அடிக்கும் இன்ஹேலர்களில், மருந்தை வெளியே தள்ளுவதற்குப் பெரும்பாலும் எச்எஃப்ஏ-134ஏ என்ற வாயு இருக்கிறது. எடைக்கு எடை பார்த்தால், கார்பன் டை ஆக்சைடைவிட 1,000 மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்கும் வாயு அது!

ரோட்டாகேப் (மருந்துத் தூள் அடைத்த கேப்சூல்) போட்டு உறிஞ்சும் தூள் வகை இன்ஹேலரில் இந்த வாயுவே கிடையாது. கருவியை ஒருமுறை வாங்கினால் மாதக்கணக்கில் உழைக்கும். அதன்பின் கேப்சூலுக்கு மட்டுமே செலவு. இரண்டுக்கும் ஒரு மாதச் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கருவியைக் கழுவினால் ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் தூள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், மருந்து முழுதாக நெஞ்சுக்குப் போகாது.

தூள் வகையை வேகமாக, ஆழமாக உறிஞ்ச வேண்டும். சிறு குழந்தைகளுக்கும், மூச்சு கடுமையாகத் திணறும்போது பெரியவர்களுக்கும் அது கடினம். ஆகவே ‘தூள் வகை எனக்குச் சரிவருமா?’ என்று மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். கையிலுள்ள அவசர இன்ஹேலரையும் கைவிடாதீர்கள்.