சாக்குக்குள் பூனையா, குத்தூசியா? ஆங்கில மரபுத்தொடருக்கு லாட்விய இணை தேடும் முறை

லாட்வியாவின் தலைநகர் ரீகாவுக்குப் படிக்க வந்த இரண்டாவது குளிர்காலம். கூடப் படிக்கும் லாட்வியத் தோழிக்குத் தெரியாமல் அவள் பிறந்தநாளுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். யாரோ உளறிவிட்டார்கள். “லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்” என்று ஆங்கிலத்தில் சொல்வோமே, அதை அப்படியே லாட்விய மொழிக்கு மாற்றி, “பூனை சாக்கிலிருந்து வெளியே வந்துவிட்டது” என்று அவளிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “எதை வாங்கினாய்? கடையில் ஏமாற்றிவிட்டார்களா?” என்று கவலையோடு கேட்டாள். இலக்கணத்தில் பிழை இல்லை. பூனைதான் தவறான பூனை.

அன்றிலிருந்து ரகசியம், அறிவு இரண்டையும் பற்றிய தொடர்களுக்கு மட்டும் ஒரு தனி நோட்டு வைத்திருக்கிறேன். அதை எப்படித் தயார் செய்தேன் என்பதுதான் இந்தப் பதிவு. லாட்விய எழுத்துகள் 33-ம் உங்களுக்கு அறிமுகம் என்று வைத்துக்கொள்கிறேன். எந்தச் சொல்லானாலும் அழுத்தம் பெரும்பாலும் முதல் அசையில்தான். அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

படி 1: ஆங்கிலத் தொடரை எழுதாதீர்கள், நடந்ததைத் தமிழில் எழுதுங்கள்

“கேட் அவுட் ஆஃப் த பேக்” என்று நோட்டில் எழுதினால் கை தானாகப் பூனையைத் தேடிப் போகும். “ஒளித்து வைத்த விஷயம் தானாகவே வெளியே வந்துவிட்டது” என்று எழுதுங்கள். “ஸ்பில் த பீன்ஸ்” என்பதற்கு “ஒருவர் வாய்தவறிச் சொல்லிவிட்டார்” என்று எழுதுங்கள். இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் லாட்விய மொழியில் பாதை பிரிகிறது. இரண்டாவதற்கு இஸ்ப்ல்யாப்பாத் என்று ஒரே வினைச்சொல் போதும். ப்ல்யாப்பாத் என்றால் வளவளவென்று பேசுவது. முன்னால் ‘இஸ்’ சேர்ந்தால் பேச்சோடு ரகசியமும் வெளியே போய்விட்டது என்று பொருள். நம் ‘ஓட்டைவாய்’க்கு அங்கே ‘ப்ல்யாப்பா’ என்பார்கள்.

படி 2: எந்தத் ‘தெரியும்’?

தமிழில் விடை தெரியும், அவரைத் தெரியும், நீச்சல் தெரியும். மூன்றுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தின் ‘நோ’வும் (know) ஏறக்குறைய இப்படித்தான். லாட்விய மொழியில் செய்தி தெரிவது ஸினாத், ஆளையோ ஊரையோ பழகித் தெரிந்திருப்பது பஸீத், ஒரு வேலையைச் செய்யத் தெரிவது ப்ரஸ்த். மூன்றையும் நோட்டில் மூன்று பக்கங்களாகப் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

‘லைக் த பேக் ஆஃப் மை ஹேண்ட்’ என்று ஆங்கிலத்தில் புறங்கையைச் சொல்கிறார்கள். லாட்வியர்களுக்கு அது ஐந்து விரல்: ‘பஸீத் கா ஸவுஸ் பியெத்ஸுஸ் பிர்க்ஸ்துஸ்’, தன் ஐந்து விரல்களைப் போல அறிந்திருப்பது. மனப்பாடத்தை ஆங்கிலேயர் இதயத்தில் வைக்கிறார்கள், லாட்வியர் தலையில் வைக்கிறார்கள்: ‘ஸினாத் நுவொ கல்வஸ்’, தலையிலிருந்து தெரியும். சுத்தமாகத் தெரியாதபோது ‘மன் நவ் நெ யவுஸ்மஸ்’ என்று சொல்லிவிடலாம். யாருக்குமே தெரியாது என்றால் ‘வெல்ன்ஸ் வின்யு ஸின’. நாம் கடவுளுக்குத்தான் வெளிச்சம் என்போம். அங்கே சாத்தானுக்குத் தெரியும்.

படி 3: பெயர்ச்சொல்லைப் பிடித்து அகராதியில் தேடுங்கள்

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

தேடுவதற்கு தேஸவுர்ஸ் என்ற இணைய அகராதியைத்தான் பரிந்துரைப்பேன். லாட்வியப் பல்கலைக்கழகத்தின் கணித, கணினியியல் நிறுவனம் நடத்துவது, இலவசம். ஒரு சொல்லைப் போட்டால் அதன் வேற்றுமை வடிவங்களும் அதோடு ஒட்டி வரும் தொடர்களும் கிடைக்கும். இயந்திர மொழிபெயர்ப்பை இந்த வேலைக்கு நம்பவே வேண்டாம். பூனையைக் கொடுத்தால் பெரும்பாலும் பூனையையே திருப்பித் தரும்.

அங்கே ‘மைஸ்’ என்று தேடுங்கள். மைஸ் என்றால் சாக்கு, பை. அதைச் சுற்றி இரண்டு தொடர்கள் இருக்கின்றன. ஒன்று, ‘பிர்க்த் கக்கி மைஸா’, சாக்குக்குள் இருக்கும் பூனையை வாங்குவது. பார்க்காமல் பொருளை வாங்கி ஏமாறுவதற்கு இதைச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் இதே இடத்தில் பன்றிக்குட்டி வரும், ‘பிக் இன் எ போக்’. என் தோழி ஏன் கடையைப் பற்றிக் கேட்டாள் என்று இப்போது புரியும்.

இரண்டாவது, ‘ஈலெனு மைஸா நெநுவொஸ்லேப்ஸி’. ஈலென்ஸ் என்றால் தோலில் துளை போடும் குத்தூசி. குத்தூசியைச் சாக்குக்குள் மறைக்க முடியாது, முனை துருத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். ரஷ்ய மொழியிலும் இதே ஊசி, இதே சாக்குதான். நான் அன்று சொல்ல வேண்டியிருந்தது இதன் சிறிய வடிவம்: ‘ஈலென்ஸ் லியென் நுவொ மைஸ ஆரா’, குத்தூசி சாக்கிலிருந்து வெளியே வருகிறது.

தமிழில் எது இணை? முதலில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். பூசணிக்காய் மறைக்கிறவரைத் திட்டுகிறது. குத்தூசியோ எதை மறைத்தாலும் வெளியே வரும் என்கிறது. கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதான் ஆக வேண்டும், அதுதான் சரியான இணை.

இந்தப் பழமொழியின் கடைசிச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே ‘ஸ்லேப்’ இருக்கிறது, மறை என்று பொருள். ரகசியத்துக்கு லாட்வியச் சொல்லான நுவொஸ்லேப்பும்ஸ் இதே வேரிலிருந்து வந்தது. நமக்கும் ‘மறை’ என்ற ஒரே சொல் ஒளிப்பதையும் வேதத்தையும் குறிக்கிறது. இந்த ஒற்றுமையைக் கண்ட நாளில் அந்தச் சொல் எனக்கு மறக்கவே முடியாமல் போனது.

படி 4: மேல்கோட்டை விடாதீர்கள்

மைஸ என்றால் சாக்கின். மைஸா என்றால் சாக்குக்குள். எழுத்தில் வித்தியாசம் கடைசி உயிரின் மேல் ஒரு சிறு கோடு மட்டுமே. ஊசி உள்ளே இருக்கிறதா, வெளியே வந்துவிட்டதா என்பதே இந்த இடத்தில் மாறிவிடும். குறில், நெடில் பழகிய காதுக்கு இது கடினமே இல்லை, கோடு இருந்தால் நெடில். ஆனால் போனில் அவசரமாகத் தட்டும்போது கோடு போய்விடுகிறது. அதனாலேயே நான் சொற்களை அட்டை அட்டையாகக் காட்டிப் பழக்கும் ஆப்களை விட்டுவிட்டு, நோட்டில் உள்ளதைக் காகித அட்டைகளில் எழுத ஆரம்பித்தேன். பேனாவால் கோடு போடும்போது கை ஒரு நொடி நிற்கிறது, அந்த ஒரு நொடியில் மனதில் பதிகிறது.

படி 5: யாரிடம் சொல்கிறீர்கள் என்று பக்கத்தில் குறியுங்கள்

சுவருக்கும் காது உண்டு என்பது மூன்று மொழியிலும் ஒன்றே, ‘ஸியெனாம் இர் அவுஸிஸ்’. யாரிடமும் சொல்லலாம். ஊரறிந்த ரகசியம் ‘புப்லிஸ்க்ஸ் நுவொஸ்லேப்பும்ஸ்’, செய்தித்தாளிலும் வரும். மூச்சு விடாதே என்பதற்கு ‘துரி மேலி ஐஸ் ஸுவொபியெம்’, நாக்கைப் பற்களுக்குப் பின்னால் வைத்துக்கொள். இதை நண்பர்களோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என் அட்டைகளில் பாதியை தௌகவா ஆற்றின் இடக்கரையில் உள்ள தேசிய நூலகத்தில் உட்கார்ந்துதான் எழுதினேன். 2014-இல் திறந்த கட்டடம். மக்கள் அதை ‘கைஸ்மஸ் பில்ஸ்’, ஒளிக்கோட்டை, என்கிறார்கள். மூழ்கிப்போன கோட்டையின் பெயரை யாராவது சரியாகச் சொன்னால் அது மறுபடி எழும் என்ற கதையிலிருந்து வந்த பெயர். அந்த ஆண்டு ஜனவரி 18 அன்று கடும் குளிரில் மக்கள் வரிசையாக நின்று, பழைய கட்டடத்திலிருந்து புத்தகங்களைக் கைமாற்றிக் கைமாற்றி இங்கே கொண்டு வந்தார்கள். ரீகாவுக்கு வந்தால் அவசியம் பாருங்கள்.

பின்னர் சேர்த்தது: ‘துரி முதி’ என்று சுருக்கமாகச் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். அது வாயை மூடு என்கிற கடுமையான பேச்சு, ரகசியம் காக்கச் சொல்வது ஆகாது. பேராசிரியரைப் போன்றவர்களிடம் பேசும்போது வினையும் ‘நீங்கள்’ வடிவத்துக்கு மாறி ‘துரியெத்’ ஆகும் என்பதையும் முதலில் எழுத விட்டுவிட்டேன்.

இன்னொருவர் ‘குர் ஸுன்ஸ் அப்ரக்த்ஸ்’, நாய் எங்கே புதைந்திருக்கிறது, என்பதை ரகசியப் பக்கத்தில் சேர்த்துவிட்டார். அதன் பொருள் ‘விஷயத்தின் ஆணிவேர் எங்கே’ என்பதுதான். அந்த அட்டையை ஸினாத் பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள்.