மாட்டுக் கொட்டகையை வீடாக்கும் முன்: வெள்ள மட்டம் பார்ப்பது எப்படி?

காவிரிப் படுகையிலும் கடலூர்ப் பக்கமும் கொல்லைக் கொட்டகை பெரும்பாலும் வீட்டைவிடத் தாழ்ந்தே இருக்கும். சாணித் தண்ணீர் வடிவதற்காகத் தரையை வாய்க்கால் பக்கம் சரித்திருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் நிரம்பினால் அதே சரிவு வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறும். ஆகவே டைல்ஸ், பெயிண்ட் பேச்செல்லாம் பிறகுதான்.

1. கோடு போடுங்கள்

2015 நவம்பர், டிசம்பர் மழையில் தண்ணீர் எதுவரை நின்றது? சுவர்க் கறையைப் பாருங்கள், தெருவில் மூன்று பேரிடமாவது கேளுங்கள். கொள்ளிடக் கரை என்றால், மேட்டூர் உபரிநீர் வந்த 2018, 2022 ஆகஸ்ட் நாட்களையும் விசாரியுங்கள். கிடைத்த உயரத்தை டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய்) பிடித்துக் கொட்டகைச் சுவருக்குக் கொண்டுவந்து, நாலு பக்கமும் கோடு போடுங்கள். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் மட்டம் தப்பாகக் காட்டும்.

கோடு இப்போதைய தரையிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருந்தால் தரையை உயர்த்தலாம். 3 அடிக்கு மேல் இருந்தால் அங்கே யாரையும் படுக்க வைக்காதீர்கள். இடித்துவிட்டு உயரமான பேஸ்மட்டத்தில் புதிதாகக் கட்டுவதே சரி. இடைப்பட்ட உயரமென்றால் பொறியாளரிடம் சுவரைக் காட்டி முடிவெடுங்கள்.

2. தரையை உயர்த்துதல்

புதுத் தரை கோட்டுக்கு மேல் அரை அடி இருக்க வேண்டும். முதலில் கோமியம் ஊறிய பழைய மண்ணை 1 அடி வெட்டி வெளியேற்றுங்கள். கடைக்காலுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். அந்த மண்ணை விட்டுவைத்தால் அதிலுள்ள உப்பு சுவரில் ஏறி, எத்தனை முறை பூசினாலும் பூச்சு உதிரும்.

10க்கு 20 அடிக் கொட்டகையை 2 அடி உயர்த்த, வெட்டிய பள்ளத்தையும் சேர்த்து 600 கன அடி, அதாவது 6 யூனிட் கிராவல். கெட்டிப்படுத்தினால் கிராவல் இறங்கும், ஆகவே ஏழரை யூனிட் சொல்லுங்கள். அரை அடிக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டுத் திம்சு (மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்தும் கட்டை) போடுங்கள். களிமண்ணோ வயல் மண்ணோ வேண்டாம்: நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், தரை வெடிக்கும்.

பலரும் தவறுவது இங்கேதான். மண் சாந்தில் கட்டிய பழைய சுவர் இந்த நிரப்பின் தள்ளலைத் தாங்காது. உள்ளே தனிக் கடைக்கால் போட்டு, 1:6 சிமெண்ட் கலவையில் (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு) 9 அங்குலச் சுவர் எழுப்பி, அதற்குள் நிரப்புங்கள். மேலே 250 மைக்ரான் பாலித்தீன் விரித்து 4 அங்குலக் கான்கிரீட். தரை ஏறினால் தலைக்கு மேல் இடம் குறையும். சாய்ப்பின் தாழ்ந்த பக்கம் 7 அடியாவது மிஞ்சுமா என்று முன்பே அளந்துகொள்ளுங்கள்.

3. பூச்சு

மண் சாந்துச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான். சிமெண்ட் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். சுவர் உள்ளுக்குள் இளகும். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும்.

4. கோட்டையும் தாண்டி வந்தால்

வாசலில் பலகை அடைத்துத் தடுப்பதற்கு எல்லை உண்டு. 10 அடி நீளச் சுவரில் 2 அடி உயரத் தண்ணீர் சுமார் 570 கிலோ விசையோடு தள்ளும். 4 அடியானால் அது இரட்டிப்பல்ல, நான்கு மடங்கு, சுமார் 2,270 கிலோ. நல்ல சிமெண்ட் கட்டுச் சுவரிலும் 2 அடிக்கு மேல் தடுக்கக் கூடாது; மண் சாந்துச் சுவருக்கு 1 அடியே அதிகம். அதற்கு மேல் வந்தால் பலகையை எடுத்துத் தண்ணீரை உள்ளே விடுங்கள். நனைந்த சாமானை மாற்றலாம், விழும் சுவர் ஆளைக் கொல்லும். வடியும்போதும் மோட்டாரை வைத்து ஒரே மூச்சில் இறைக்காதீர்கள்; உள்ளே மட்டும் காலியானால் வெளித் தண்ணீர் சுவரைத் தள்ளும்.

5. மின்சாரம், கழிப்பறை, வழி

வயரைக் கூரைப் பக்கமிருந்து இறக்கி, பிளக் பாயிண்டைத் தரையிலிருந்து 4 அடியில் வையுங்கள். கொட்டகைக்குத் தனி எம்சிபியும் (மின்னோட்டம் மிஞ்சினால் துண்டிக்கும் சுவிட்ச்) 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். செப்டிக் டேங்க் நிரம்பினால் கழிவு கோப்பை வழியே திரும்பும். குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு (கழிவை ஒரே திசையில் மட்டும் போகவிடும் அடைப்பு) போடுங்கள், காற்றுக் குழாயின் வாய் கோட்டுக்கு மேல் இருக்கட்டும். அலமாரிக்குப் பிளைவுட் வேண்டாம், கடப்பா கல் போதும்.

கொட்டகைக்குப் பெரும்பாலும் வாய்க்கால் பக்கம் ஒரே வாசல்தான் இருக்கும். நள்ளிரவில் தண்ணீர் வருவதும் அந்தப் பக்கம்தான். வீட்டை நோக்கிய மேட்டுப் பக்கம் இன்னொரு கதவு வையுங்கள்.