ஸ்பெக் ஷீட்டில் 'இசி 0.5' என்று எழுதும் முன்

பொள்ளாச்சி, ஆனைமலை, கோபாலபுரம், கேரள எல்லை தாண்டினால் கொழிஞ்சாம்பாறை என்று தென்னை இருக்கும் பக்கமெல்லாம் நார் மில்லும் பித் (நார் பிரித்தபின் மிஞ்சும் தேங்காய் மட்டைத் தூள்) களமும் உண்டு. ஒவ்வொரு மில் ஆபீஸிலும் ஒருவர் உட்கார்ந்து கொட்டேஷன், ஸ்பெக் ஷீட் (சரக்கின் தர விவரத் தாள்), பிளாக் (அழுத்திக் கட்டியாக்கிய பித்) கவரில் அச்சாகும் செய்முறை, மெஷின் ஆட்களுக்கான அறிவிப்பு எல்லாம் எழுதிக்கொண்டிருப்பார். பெரும்பாலும் படிப்பு முடித்துப் புதிதாக வந்த பிள்ளைகள். இங்கிலீஷும் தமிழும் நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் இந்த வேலையில் பழையவர்கள் விழுந்த அதே நாலைந்து குழிகளில்தான் அவர்களும் போய் விழுகிறார்கள். குழியை யாரும் தூர்க்கவில்லை.

ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை பற்றி இங்கே பேச்சில்லை. அதனால் சரக்கு திரும்பி வராது.

எண்ணை எழுதிவிட்டு அளந்த விதத்தை விடுவது

"இசி: 0.5-க்குக் கீழ்."

காயர் பித் ஸ்பெக் ஷீட்டுகளில் இந்த வரி இப்படி மொட்டையாகத்தான் நிற்கிறது. இசி என்பது மின்கடத்துதிறன். பித்தில் பொட்டாசியம், சோடியம், குளோரைடு போன்ற உப்புகள் எவ்வளவு இருக்கின்றன என்பதை அது காட்டிக்கொடுக்கும். வாங்குகிறவர் அதில் தக்காளியோ ஸ்ட்ராபெர்ரியோ வளர்க்கப் போகிறவர். உப்பு கூடினால் வேர் கருகும். எனவே தாளைக் கையில் எடுத்ததும் அவர் கண் இந்த வரிக்குத்தான் போகும்.

பித்தை அப்படியே மீட்டரில் வைத்து அளக்க முடியாது. தண்ணீரில் கலக்கி, வடிகட்டி, அந்த நீரைத்தான் அளக்கிறோம். எவ்வளவு தண்ணீர் என்பதில்தான் சிக்கல். ஐரோப்பியத் தரமான இஎன் 13038-இல் ஒரு பங்கு பித்துக்கு ஐந்து பங்கு தண்ணீர், கனஅளவில். நெதர்லாந்தில் புழக்கத்தில் உள்ள இன்னொரு முறையில் ஒன்றுக்கு ஒன்றரை. ஒரே மூட்டையில் அள்ளிய பித் 1:5-இல் 0.45 காட்டினால், 1:1.5-இல் அதன் இரு மடங்கையும் தாண்டிப் போகலாம். மோரில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிவிட்டு உப்புப் பார்க்கிற கதைதான்.

இனி நடப்பதை எளிதாக ஊகிக்கலாம். மில்லில் 1:5-இல் அளந்து 0.45 வருகிறது, ஷீட்டில் '0.5-க்குக் கீழ்' என்று ஏறுகிறது. தூத்துக்குடியிலோ கொச்சியிலோ கப்பல் ஏறிப் போன சரக்கை, அந்தக் கரையில் வாங்குபவரின் ஆய்வகம் 1:1.5-இல் சோதிக்கிறது. 1-ஐ ஒட்டி வருகிறது. மில் சொன்னது பொய்யில்லை, ஆய்வகம் சொன்னதும் பொய்யில்லை, பித்தும் நல்ல பித். ஆனால் சண்டை என்று வந்தபிறகு விரல் வைத்துக் காட்ட மில்லுக்கு ஒரு வரி கிடையாது. 40 அடி கன்டெய்னர் ஒன்றில் 24 டன்னுக்குப் பக்கம் ஏறும். பேசி முடிக்கிற வரை துறைமுகத்தில் வாடகை ஓடும். கடைசியில் விலையைக் குறைத்துக்கொண்டு கை கழுவுவார்கள். மில்லும் நாடும் மட்டும் மாறி இந்தக் கதை திரும்பத் திரும்ப வருகிறது. எத்தனையாவது முறை கேட்டாலும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. விட்டுப்போனது அரை வரிதானே!

விகிதம் எழுதியாயிற்று என்றாலும் அலகு இருக்கிறது. 0.5 மில்லிசீமென்ஸ்/செமீ என்பதும் 500 மைக்ரோசீமென்ஸ்/செமீ என்பதும் ஒன்று. மில்லிசீமென்ஸ்/மீட்டரில் எழுதினால் அதே அளவு 50. அலகில்லாமல் '50' என்று வந்த ஆய்வறிக்கையைப் பார்த்து ஆபீஸே பதறும்.

பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) எழுதுவது இன்னும் மோசம். கரைந்த உப்பைக் காட்ட என்று கையில் பிடிக்கிற டிடிஎஸ் மீட்டர் பிபிஎம்மை அளப்பதில்லை. இசியை அளந்து ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. சில மீட்டர்கள் 500-ஆல் பெருக்கும், சில 700-ஆல். ஆகவே '350 பிபிஎம்' என்பது ஒரு மீட்டரில் 0.7, இன்னொன்றில் 0.5. எதனால் பெருக்கியது என்பது மீட்டரோடு வந்த தாளில் இருக்கும். வாங்குபவரிடம் அந்தத் தாள் இல்லையே.

பிறகு வெப்பநிலை. தண்ணீர் ஒரு டிகிரி சூடானால் இசி ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். சித்திரை வெயிலில் களத்தோரம் வைத்த பக்கெட் 35 டிகிரியைத் தொட்டிருந்தால், தானாகத் திருத்திக்கொள்ளாத மீட்டர் 25 டிகிரிக் கணக்கைவிட 20 சதவீதம் கூட்டிக் காட்டும். மீட்டரையும் 1.413 கரைசலில் சரிபார்த்திருக்க வேண்டும். 25 டிகிரியில் அந்தக் கரைசல் 1.413 மில்லிசீமென்ஸ்/செமீ காட்ட வேண்டும்.

எந்த நிலையில் உள்ள பித் என்பதும் சேர வேண்டும். 'சுத்திகரிக்கப்பட்டது' என்று எழுதுகிறார்கள். கழுவியதா, பஃபர் செய்ததா? இரண்டும் ஒன்றல்ல. பித் தன்னோடு பிடித்துவைத்திருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெறும் தண்ணீருக்கு முழுதாகக் கழன்று வராது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்தால் கால்சியம் உள்ளே போய் அவற்றை வெளியே தள்ளும், அதன்பிறகு கழுவ வேண்டும். கழுவ மட்டும் செய்த பித்தும் சோதனையில் நல்ல இசி காட்டிவிடும். ஆனால் தோட்டத்தில் கால்சியம் உரம் விட்டதும் உரத்தைப் பித் பிடித்துக்கொண்டு உப்பை வெளியே விடும். வாங்குபவர் அப்போதுதான் போன் செய்வார்.

ஆக, அந்த வரி இப்படி இருக்க வேண்டும்:

"இசி: அதிகபட்சம் 0.5 மில்லிசீமென்ஸ்/செமீ. 1:1.5 கனஅளவு முறை, 25 டிகிரி செல்சியஸ். பஃபர் செய்து கழுவிய பித். மாதிரி: லாட்டுக்கு 10 பிளாக், ஒன்றாகக் கலந்து."

விகிதமும் மாதிரி எண்ணிக்கையும் வாங்குபவரோடு பேசி முடிவாவது. விகிதத்தை மாற்றினால் 0.5-ஐயும் மாற்ற வேண்டியிருக்கும், அதை மறந்துவிட வேண்டாம். ஈரப்பதத்துக்கும் இதே கதைதான். 15 சதவீத ஈரத்தில் 5 கிலோ பிளாக்கில் 4.25 கிலோ பித் இருக்கிறது, 20 சதவீதத்தில் 4 கிலோ. '5 கிலோ' என்பது எந்த ஈரத்தில் என்று எழுதாவிட்டால் கால் கிலோவுக்கு ஆள் ஆளுக்கு ஒரு கணக்கு.

"போதுமான அளவு தண்ணீர் ஊற்றவும்"

போதுமானது எது என்று தெரியாததால்தான் பிளாக் வாங்கியவர் கவரைப் படிக்கிறார். 5 கிலோ பிளாக்குக்கு 20 முதல் 25 லிட்டர், இரண்டு மூன்று தவணையாக, நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு. ஊறியபின் 65 முதல் 75 லிட்டர் பித் வரும்.

வரிசையும் பிசகக் கூடாது. பல கவர்களில் முதல் வரி 'பிளாக்கைத் தொட்டியில் வைக்கவும்', ஐந்தாவது வரி '80 லிட்டருக்குக் குறையாத தொட்டியாக இருக்க வேண்டும்'. படிக்கிறவர் ஒவ்வொரு வரியாகச் செய்துகொண்டே வருகிறவர். ஐந்தாவது வரிக்கு வரும்போது குளியலறைப் பக்கெட்டில் பிளாக் ஊதி, இடுக்கில் மாட்டியிருக்கும். தொட்டி அளவு, தண்ணீர் அளவு, நேரம் மூன்றும் முதல் வரிக்கு மேலே போகட்டும்.

கவரில் பிசகினால் பக்கெட் போகும், மெஷின் அறிவிப்பில் பிசகினால் கை போகும். "தேய்ந்த சீலைக் கழற்றவும். கழற்றும் முன் மெயினை அணைத்து பிரஷரை இறக்கவும்." ஹைட்ராலிக் பிரஸ்ஸில் மெயினை அணைத்தாலும் லைனில் பிரஷர் நிற்கும். இரண்டாவது வாக்கியத்துக்கு வருமுன் ஸ்பானர் போல்ட்டில் இருக்கும்.

"சுமார்", "உடனடியாக"

கொட்டேஷனில் 'சுமார் 24 டன்' என்றால் அது எதையும் குறிக்காது. ஆனால் எல்சியில் (பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) அந்தச் சொல்லுக்கு விலை உண்டு. வங்கிகள் பின்பற்றும் யுசிபி 600 விதிகளின் 30-ஆவது பிரிவுப்படி அளவுக்கோ தொகைக்கோ முன்னால் 'சுமார்' வந்தால் 10 சதவீதம் கூடலாம், குறையலாம். அளவுக்கு முன்னால் போட்டுத் தொகைக்கு முன்னால் விட்டால், சரக்கைக் கூடுதலாக ஏற்றலாம், பணம் கூடுதலாக வராது. 'உடனடியாக', 'கூடிய விரைவில்' போன்றவற்றை, ஆவணத்தில் பயன்படுத்தச் சொல்லியிருந்தால் ஒழிய, வங்கி கண்டுகொள்ளாது என்று 3-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. தேதி போடுங்கள்.

எல்லைச் சொற்கள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து சப்ளையர் அனுப்பும் வாட்ஸப் செய்தியை அப்படியே தமிழ்க் கணக்கில் ஏற்றினால் வேடிக்கையாக இருக்கும். 'தொண்டு 2 லோடு' என்பது சமூக சேவை அல்ல. மலையாளத்தில் தொண்டு என்றால் தேங்காய் மட்டை. பித்துக்கு அங்கே சகிரிச்சோறு என்று பெயர். அதைச் சுருக்கி 'சோறு 3 லோடு' என்று ஏற்றிய சீட்டைப் பார்த்தால் ஆடிட்டர் என்ன நினைப்பார்? 'திங்கள் அவதி' என்று வந்தால் யாருக்கும் துன்பமில்லை, அன்றைக்கு லீவு. சிரித்துவிட்டுப் போக முடியாதது மிளகு விஷயம். அவர்கள் முளகு என்றால் மிளகாய், நம் மிளகு அவர்களுக்குக் குருமுளகு. எல்லை தாண்டிப் போகிற எந்த ஆர்டரிலும் இரண்டு மொழிப் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

ஒரு பொருளுக்கு மூன்று பெயர்

முதல் பக்கத்தில் பிளாக், மூன்றாவதில் கட்டி, கடைசியில் பாளம். ஒன்றைப் பிடியுங்கள். மெஷின்மேன் வாயில் வருகிற பெயரே நல்ல பெயர்.

கமாவும் புள்ளியும்

ஜெர்மனியில் 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்றைம்பது. 2,50,000 என்று எழுதினால் வெளிநாட்டார் கமா தவறி விழுந்ததாக நினைப்பார். தொகையை எழுத்தாலும் எழுதவும்.

04/05

ஏப்ரல் 5-ஆ, மே 4-ஆ? மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

கோப்புக்கு 'ஃபைனல்' என்று பெயர்

வேண்டாம். அடுத்தது 'ஃபைனல் புதுசு', அதற்கடுத்தது 'ஃபைனல் புதுசு 2'. தேதியும் திருத்த எண்ணும் போதும். அதே எண் தாளின் உள்ளேயும், கீழ் ஓரத்தில்.