வண்டிக்குள் நூறு லிட்டர்: டெல்டாப் பயணத்துக்குத் தண்ணீர் ஏற்பாடு செய்யும் முறை

கல்லணையில் தொடங்கிக் கோடியக்கரை வரை போனாலும் வழியில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. எந்தத் தண்ணீரைப் பிடிப்பது, பிடித்ததைச் சித்திரை வெயிலில் கெடாமல் எப்படி வைப்பது, வேகத்தடையில் வண்டி குதிக்கும்போது எந்த இணைப்பு விட்டுக்கொடுக்கும் என்பதில்தான் சிக்கலெல்லாம். கீழே சொல்லும் அமைப்பு ஈகோ, டிராவலர், பிக்கப், சின்ன டிரெய்லர் எதற்கும் பொருந்தும். புழங்குவதற்கு 100 லிட்டர், குடிக்கத் தனியாக 20 லிட்டர் கேன் ஒன்று. இரண்டையும் ஒரே தொட்டியில் சேர்க்காதீர்கள். புழங்கும் தொட்டியில் கண்ட ஊர்த் தண்ணீரும் ஏறும். அதையே குடிக்கவும் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் பயந்துகொண்டே இருக்க வேண்டும்.

எவ்வளவு வேண்டும்

இரண்டு பேர், இரண்டு நாள் கணக்கு. குடிக்க ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் வைத்தால் 16, கேன் போதும். சமையலுக்கும் பாத்திரத்துக்கும் நாளுக்கு 10, ஆக 20. கை, கால், முகம் கழுவ ஆளுக்கு நாளுக்கு 5, அது ஒரு 20. குளியலுக்கு வாளி 15 லிட்டர் என்றால் நாலு குளியலுக்கு 60. குடிநீர் போக மொத்தம் 100. குளியலைப் பம்புசெட்டிலோ லாட்ஜிலோ முடித்துக்கொள்பவர்களுக்கு 40 லிட்டரே தாராளம். பெரிய தொட்டி கட்ட ஆசைப்படுவதற்கு முன் இந்த ஒரு கேள்வியை முடிவு செய்யுங்கள், பாதி வேலை குறையும்.

ஒரு லிட்டர் ஒரு கிலோ. 120 லிட்டரோடு தொட்டி, சட்டம், பம்பு எல்லாம் சேர்த்தால் 135 கிலோவை ஒட்டி வரும். வண்டியில் கூடுதலாக இரண்டு ஆள் ஏறியதற்குச் சமம். ஆர்.சி. புத்தகத்தில் சுமையற்ற எடை, மொத்த எடை இரண்டும் இருக்கும். கழித்துப் பார்த்து, ஆட்கள், சாமான் போக மிச்சம் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தொட்டியைக் கழற்றி எடுக்கும்படி வைப்பதே நல்லது. வண்டியின் அமைப்பையே மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் வரும்; தரையை வெட்டுவது, சீட்டை நிரந்தரமாக எடுப்பது போன்ற வேலைக்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

தொட்டி

ஒரே 100 லிட்டர் தொட்டியைவிட 50 லிட்டர் எச்.டி.பி.இ. (கெட்டியான ஒருவகை பிளாஸ்டிக்) கேன் இரண்டு மேல். பாதி காலியான பெரிய தொட்டியில் தண்ணீர் முன்னும் பின்னும் அடித்து, பிரேக் போட்ட பிறகும் வண்டியைத் தள்ளும். இரண்டாகப் பிரித்தால் அந்த அடி குறையும், இடது வலது எடையும் சமமாகும்.

கேனின் பக்கங்கள் தட்டையாக இருக்க வேண்டும். உருண்டை டிரம் மலிவு. ஆனால் வளைந்த சுவரில் டேங்க் நிப்பிளின் (தொட்டிச் சுவரில் குழாய் மாட்ட வைக்கும் குட்டைத் திருகு இணைப்பின்) ரப்பர் வாஷர் முழுதாக உட்காராது, இரண்டு ஓரமும் கசியும். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருந்தால் எச்.டி.பி.இ. என்று பொருள்; உணவுத் தரம் என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கேன் வேண்டவே வேண்டாம். டெல்டாவில் பழைய கடைக்கு வரும் கேன்களில் பூச்சிமருந்து வந்ததும் ஆசிட் வந்ததும் நிறைய. பிளாஸ்டிக் அந்த மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். எத்தனை முறை கழுவினாலும் போகாது.

வெளிச்சம் புகும் கேனில் பாசி பிடிக்கும். வெள்ளைக் கேன்தான் கிடைத்தது என்றால் கருப்புத் தார்ப்பாயால் சுற்றிவிடுங்கள். சன்னலோரம் வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள்.

ஓட்டை போடுவதும் நிப்பிள் மாட்டுவதும்

கசிவு தொடங்கும் இடம் பெரும்பாலும் இதுதான். அவசரப்படாமல் செய்யுங்கள்.

ஒவ்வொரு கேனுக்கும் மூன்று துளை: தண்ணீர் எடுக்க அரை அங்குலம், அடியில் வடிகாலுக்கு அரை அங்குலம், மேலே காற்றுக்கு அரை அங்குலம். எடுக்கும் துளையின் அடி விளிம்பு கேனின் அடித்தளத்திலிருந்து 3 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். மண்டி அடியில் தங்கி, பம்புக்குப் போகாமல் இருக்கும். வடிகால் எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே.

அரை அங்குல நிப்பிளின் திருகுமரைக்கு வெளிவிட்டம் 21 மி.மீ., முக்கால் அங்குலத்துக்கு 26.5, ஒரு அங்குலத்துக்கு 33. கடைக்குக் கடை நிப்பிளின் உடல் மாறும் என்பதால் வாங்கிய நிப்பிளை அளந்து, அதைவிட ஒரு மி.மீ. பெரிய ஹோல் சா (டிரில்லில் மாட்டி வட்டத் துளை வெட்டும் பல்வட்டம்) போடுங்கள். டிரில் மெதுவாகச் சுற்ற வேண்டும். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி விளிம்பு அலைஅலையாக வரும், வாஷர் படியாது. பிசிறைப் பிளேடால் சீவுங்கள். உள்ளே விழுந்த சுருளைக் கழுவி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அது நேரே பம்பின் வால்வில் போய் உட்காரும்.

கேனின் வாய் சிறியது, கை நுழையவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. போட்ட துளை வழியாகக் கெட்டியான நூலைவிட்டு, கேனைச் சாய்த்து வாய் வழியாக வெளியே எடுங்கள். வாஷர் மாட்டிய நிப்பிளை அந்த நூலில் கோத்து, தலைப்பக்கம் நழுவாதபடி ஒரு தீக்குச்சியை முடிச்சுப் போடுங்கள். வெளியிலிருந்து நூலை இழுத்தால் நிப்பிள் வழுக்கிக்கொண்டு போய், அதன் திருகுமரைப் பக்கம் துளைக்கு வெளியே நீட்டும். நூலை இறுக்கிப் பிடித்தபடியே நட்டைக் கையால் சுற்றி ஏற்றுங்கள். நிப்பிளும் கூடவே சுற்றினால் அதன் துவாரத்தில் மரக்குச்சியைத் திணித்துப் பிடிக்கலாம். கையிறுக்கத்துக்குப் பிறகு ஸ்பேனரால் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று. அதற்கு மேல் முறுக்கினால் வாஷர் பிதுங்கி வெளியே வந்து அங்கேயே ஒழுகும்.

கேன் சுவரில் தண்ணீரை நிறுத்துவது ரப்பர் வாஷர்தான். டெஃப்ளான் டேப் நிப்பிளில் மாட்டும் வால்வுக்கும் எல்போவுக்கும் வேண்டும், சுவருக்கு உதவாது. எம்-சீல், சிலிக்கான், பி.வி.சி. சொல்யூஷன் எதுவும் எச்.டி.பி.இ.-யில் ஒட்டாது, ஒட்டியது போலக் காட்டி, வண்டி பத்து கிலோமீட்டர் ஓடியதும் உரிந்து வரும்.

காற்றுத் துளையைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் பம்பு இழுக்க இழுக்கக் கேன் ஒடுங்கும், நிரப்பும்போது தண்ணீர் முகத்தில் திரும்ப அடிக்கும். காற்றுக் குழாயை மூடியைவிட உயரமாக ஏற்றி, வளைத்து, வாயைக் கீழ்நோக்கி விடுங்கள். வாயில் கொசுவலைத் துண்டைக் கட்டுங்கள். மறந்தால் தொட்டிக்குள் கொசுப்புழு வளர அதிக நாள் ஆகாது.

இரண்டு கேனையும் அடியில் ஹோஸால் இணைத்து நடுவில் பால் வால்வு (கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடும் வால்வு) வையுங்கள். ஓடும்போது அது மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் திருப்பத்தில் ஒரு கேன் தண்ணீர் மற்றதற்கு ஓடி, சமமாக வைத்த எடை ஒருபக்கம் சாயும்.

கட்டி நிறுத்துவது

25×25×3 மி.மீ. இரும்பு ஆங்கிளில் ஒரு பெட்டிச் சட்டம், அடியில் 18 மி.மீ. பிளைவுட், அதன்மேல் மாட்டுக்கொட்டகைக்கு விற்கும் ரப்பர் மேட்டில் ஒரு துண்டு. மேட் இல்லாமல் கேனை ஆங்கிளில் உட்கார வைத்தால் அதிர்வில் மூலை தேய்ந்து ஓட்டையாகும். முன்பக்கச் சட்டம் கேனின் பாதி உயரத்துக்காவது இருக்க வேண்டும், ஏனென்றால் சடன் பிரேக்கில் 100 கிலோவும் டிரைவரை நோக்கித்தான் வரும். கேனுக்கு இரண்டு 25 மி.மீ. ராட்செட் பெல்ட் போட்டு, வண்டியில் ஏற்கெனவே இருக்கும் சீட் போல்ட் துளைகளில் சட்டத்தைப் பிடியுங்கள். நாகை, வேளாங்கண்ணி, தரங்கம்பாடிப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் போல்ட்டும் ஹோஸ் கிளிப்பும் எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு) ஆக வாங்குவது நல்லது. உப்புக்காற்றில் சாதாரணக் கிளிப் சீக்கிரம் துருப்பிடித்துத் தெறித்துவிடும்.

இடம் முடிந்தவரை அச்சுக்கு மேலே, தாழ்வாக. கூரைமேல் கருப்புக் குழாயில் தண்ணீர் வைப்பது படத்தில் அழகாக இருக்கும். நிஜத்தில் வண்டியின் தலை கனக்கும், தண்ணீர் கொதிக்கும், இரண்டு மீட்டர் உயரத்துக்குக் கிடைக்கும் அழுத்தமோ 3 பி.எஸ்.ஐ.கூட இல்லை.

டிரெய்லருக்கு மட்டும் கணக்கு வேறு. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். கொக்கிக்கும் அச்சுக்கும் 250 செ.மீ. தூரம் என்று வையுங்கள். 80 கிலோ தண்ணீரை அச்சுக்கு 50 செ.மீ. முன்னால் வைத்தால் கொக்கியில் 16 கிலோ கூடும். அதே தூரம் பின்னால் வைத்தால் 16 கிலோ குறையும். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும், அதை ஓட்டுபவரால் அடக்குவது கஷ்டம். ஆகவே அச்சுக்கு மேலே அல்லது சற்று முன்னால், பின்னால் ஒருபோதும் இல்லை.

பம்பும் வயரும்

கேரவன் பம்பு தேடி ஆன்லைனில் அலைய வேண்டியதில்லை. தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ விவசாயக் கருவி விற்கும் கடைகளில் பேட்டரி ஸ்பிரேயருக்கான 12 வோல்ட் டயாஃப்ரம் பம்பு கிடைக்கும். அழுத்தச் சுவிட்ச் உள்ளேயே இருக்கும். குழாயைத் திறந்தால் ஓடும், மூடினால் நிற்கும். நிமிடத்துக்கு மூன்று, நான்கு லிட்டர் தரும், பாத்திரம் கழுவ அதுவே சரி. மருந்தடித்த பழைய பம்பு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். புதியதையும் புழங்கும் தண்ணீருக்கு மட்டும் வையுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் குடிநீருக்கென்று செய்ததல்ல. 20 லிட்டர் கேனுக்குக் கையால் அமுக்கும் பம்பு போதும்.

வால்விலிருந்து பம்பு, பம்பிலிருந்து குழாய் எல்லாவற்றுக்கும் 12 மி.மீ. உள்விட்டமுள்ள நைலான் பின்னல் ஹோஸ், இரு முனையிலும் கிளிப். வீட்டில் போடுவது போல ஒட்டிய பி.வி.சி. பைப் வண்டி அதிர்வில் எல்போவில் விரிசல் விடும். பம்புக்கு முன்னால் ஒரு சின்ன வடிகட்டி கட்டாயம்.

பம்பு 4 ஆம்பியர் இழுத்தால் 100 லிட்டரையும் காலி செய்ய அரை மணி, அதாவது 2 ஆம்பியர்-மணிதான். வண்டியின் பேட்டரியே தாங்கும், தனி பேட்டரி வீண் செலவு. பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ், அதன்பின் 2.5 சதுர மி.மீ. வயர். ஒரு சதுர மி.மீ. வயரை ஐந்து மீட்டர் இழுத்தால் போகவரக் கிட்டத்தட்ட முக்கால் வோல்ட் வழியிலேயே போய்விடும், பம்பு முனகும். தனியாக ஒரு மெயின் சுவிட்சும் வேண்டும். வண்டி ஓடும்போதும் தூங்கப் போகும்போதும் அதை அணைத்துவிடுங்கள். ஹோஸ் கழன்றால் அழுத்தம் குறைந்துவிட்டது என்று நினைத்துப் பம்பு தொட்டி முழுவதையும் படுக்கையில் கொட்டிவிடும்.

முதல் கழுவலும் நிரப்பலும்

இரவு முழுக்க நிரப்பி வைத்துக் கசிவு பாருங்கள். பிறகு மோசமான ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவந்து எல்லா நட்டையும் மறுபடி தொட்டுப் பாருங்கள். அடுத்தது குளோரின் கழுவல்: 100 லிட்டர் தண்ணீருக்கு 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 100 மி.லி. கலந்து, எல்லாக் குழாயிலும் வாடை வரும்வரை ஓடவிட்டு, நாலு மணி நேரம் நிறுத்தி, வடித்து, இரண்டு முறை அலசுங்கள். பிளீச்சிங் பவுடர் என்றால் புதியதாக 17 கிராம். வாளியில் கரைத்துத் தெளிய வைத்து, மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். இதோடு வினிகரோ ஆசிட்டோ சேர்த்தால் நச்சுவாயு கிளம்பும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

கொள்ளிடத்திலிருந்து வரும் கூட்டுக் குடிநீர் கிடைக்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கலாம். வேதாரண்யம் வரை அந்தக் குழாய் போகிறது. கடலோரப் போர்வெல் தண்ணீர் உப்பு. கையில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) இருந்தால் வாளியிலேயே தெரிந்துவிடும்: குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மி.கி., வேறு தண்ணீரே இல்லையென்றால் 2000 வரை. மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியையோ மருந்தையோ காட்டாது. உள்ளூர் பம்புசெட் தண்ணீர் கண்ணாடியாக வந்து, மறுநாள் பழுப்பாகியிருந்தால் அது இரும்பு. காற்றுப் பட்டதும் துருவாகிப் படிகிறது. வாளியில் ஒரு இரவு வைத்துத் தெளிவை ஏற்றுங்கள். வாய்க்கால் தண்ணீர் மட்டும் தொட்டிக்கு வேண்டாம். வயலிலிருந்து வடியும் உரமும் மருந்தும் கொதிக்க வைத்தாலும் போகாது. மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வரும் நாட்களில் கரைமண்ணும் சேர்ந்து செங்காவியாக வரும்.

கழிவுநீர்

சிங்க்குக்கு அடியில் 35 லிட்டர் கேன், ஒரு அங்குல வடிகால். நாளுக்கு ஒருமுறை காலி செய்தால் நாறாது. வாய்க்காலிலோ அலையாத்திக் காட்டோரத்திலோ கொட்டக் கூடாது. கோடியக்கரை 2002 முதல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் உள்ளது, அங்கே சோப்புத் தண்ணீரை மண்ணில்கூட விடாமல் ஊருக்குள் கொண்டுவந்து சாக்கடையில் ஊற்றுங்கள்.

தொல்லை வந்தால்

குழாய் மூடியிருக்கும்போது பம்பு அவ்வப்போது "டக்" என்று ஓடினால் பம்புக்கு அப்புறம் எங்கோ சொட்டுகிறது. ஓடிக்கொண்டே இருந்தும் தண்ணீர் வராவிட்டால் பம்புக்கு முன்னால் கிளிப் தளர்ந்து காற்று இழுக்கிறது, அல்லது வடிகட்டி அடைத்திருக்கிறது. அழுகிய முட்டை வாடை என்றால் தேங்கிய தண்ணீரில் பாக்டீரியா. மறுபடி குளோரின் கழுவல். உள்ளே வழுவழுப்பு இருந்தால், கை நுழையாத கேனில் ஒரு பிடி கல்லுப்பும் அரிசியும் கொஞ்சம் தண்ணீரும் விட்டுக் குலுக்கி ஊற்றுங்கள். வண்டி ஒரு வாரத்துக்கு மேல் நிற்கப் போகிறதென்றால் எல்லா வால்வையும் திறந்து வடித்து, மூடியைக் கழற்றி வலையைக் கட்டிக் காயவிடுங்கள். பம்பை ஒரு நிமிடம் ஓடவிட்டு உள்ளே நிற்பதையும் தள்ளிவிடுங்கள்.