தடைக்காலத் தேதியும் எக்செல் சூத்திரமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகுக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் மனப்பாடம். டீசல், ஐஸ், கூலி என்று எழுதும் ஒவ்வொரு வரியும் அதற்குள் விழுகிறதா என்று எக்செலையே பார்க்கச் சொல்லலாம். ஆனால் சூத்திரம் தப்பாக இருந்தாலும் பெரும்பாலும் அது தகராறு செய்யாது, ஏதோ ஒரு பதிலைக் காட்டிவிடும். எனக்கு அதுதான் பயம்.

வரியின் தேதி ஏ2 கட்டத்திலும், தடை தொடங்கும் தேதி டி1-லும், முடியும் தேதி டி2-லும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இங்கே தமிழில் எழுதியிருக்கும் கட்டப் பெயர்களையும் சூத்திரப் பெயர்களையும் எக்செலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பள்ளிக் கணக்கில் எழுதுவதுபோல் டி1<=ஏ2<=டி2 என்று ஒரே மூச்சில் எழுதாதீர்கள். எக்செல் முதல் பாதியைப் பார்த்து 'உண்மை' அல்லது 'பொய்' என்று முடிவு செய்யும். அப்புறம் அந்த முடிவை டி2 தேதியோடு ஒப்பிடும். எக்செலுக்குத் தேதி என்பது ஒரு எண்தான். அதன் வரிசையில் 'உண்மை', 'பொய்' இரண்டுமே எந்த எண்ணையும்விடப் பெரியவை. ஆகவே எந்தத் தேதிக்கும் தடை இல்லை என்றே வரும். இரண்டாகப் பிரித்து, இரண்டு நிபந்தனையும் சரியா என்று பார்க்கும் ஆண்ட் போடுங்கள்:

=இஃப்(ஆண்ட்(ஏ2>=$டி$1, ஏ2<$டி$2+1), "தடை", "அனுமதி")

டாலர் குறியை விட்டுவிட்டுக் கீழே இழுத்தால் டி1, டி2 இரண்டும் நகர்ந்துவிடும். கடைசியில் +1 எதற்கு? ஜூன் 14 மாலை 6 மணி என்று நேரத்தோடு பதிந்திருந்தால், அது வெறும் ஜூன் 14-ஐவிடப் பெரிய எண்.

சூத்திரத்துக்குள்ளேயே தேதி எழுதுவதானால் டேட்(2025,4,15) என்று எழுதுங்கள். வெறுமனே 15/4/2025 என்றால் எக்செல் வகுத்துவிடும். மேற்கோளுக்குள் போட்டால் அது தேதியே அல்ல, எழுத்து.

என்னை அதிகம் அலைக்கழித்தது வேறு. ஒரு சம்மாட்டியின் (படகு உரிமையாளரின்) கணக்கில் ஜூலை 6-ஆம் தேதி வரி 'தடை' என்று வந்தது. சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தும் பிழை தெரியவில்லை. கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் இருந்ததால் 06/07/2025 ஜூன் 7 ஆகியிருந்தது! அதே தாளில் 25/04/2025 இன்னும் மோசம். 25-ஆவது மாதம் கிடையாது, அதனால் எழுத்தாகவே நின்றுவிட்டது. எழுத்து எந்த எண்ணையும்விடப் பெரியது என்பதால் 'அனுமதி' என்று வந்தது. தேதி கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள். இஸ்நம்பர்(ஏ2) 'பொய்' என்றால் அது தேதி அல்ல. முதலில் கம்ப்யூட்டரின் தேதி அமைப்பை நாள்-மாதம்-ஆண்டு என்று மாற்றிவிட்டு, மூலத் தாளைப் பார்த்துத் திரும்பப் பதியுங்கள். காலிக் கட்டமும் 'அனுமதி' என்றே காட்டும்.

பல வருடக் கணக்கு ஒரே தாளில் இருந்தால் டி1-க்குப் பதில் டேட்(இயர்(ஏ2),4,15), டி2-க்குப் பதில் டேட்(இயர்(ஏ2),6,14) போடலாம். ஆனால் 2016 வரை தடை 45 நாள்தான், மே 29-உடன் முடிந்தது. பழைய வரிகளுக்கு முடிவுத் தேதியை மாற்ற வேண்டும். நாட்டுப்படகுக்கு இந்தத் தடை இல்லை என்பதால், படகு வகையையும் ஆண்ட் அடைப்புக்குறிக்குள் ஒரு நிபந்தனையாகச் சேருங்கள்.

சூத்திரம் முடிந்ததும் நான்கு தேதிகளைப் போட்டுப் பாருங்கள்: ஏப்ரல் 14, ஏப்ரல் 15, ஜூன் 14, ஜூன் 15. நடு இரண்டுக்கு மட்டும் 'தடை' வர வேண்டும்.