நாலாயிரம் மிச்சம் பிடித்த கதை: வீட்டு நாஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான். கல்யாண வீடியோ எடுக்கிறவன். வீட்டிலிருக்கும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவாக ஃபைல்களைச் சேர்த்து வைக்க, நெட்வொர்க்கில் மாட்டும் ஒரு நாஸ் பெட்டி வைக்கப்போகிறானாம். "அண்ணே, ரிச்சி தெருவுல செம ரேட்டுக்குப் புடிச்சேன்" என்று பில்லை நீட்டினான். 4 டெராபைட் டெஸ்க்டாப் டிஸ்க், மூன்று. எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2021-ல் நான் வாங்கியதும் இதே ரகம்தான்.

பாஸ்வேர்டை மாற்று, தூசி துடை என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

விலையை மட்டும் பார்த்து டிஸ்க் வாங்குவது

இதற்கு மட்டும் கொஞ்சம் நீட்டி முழக்குவேன். இன்னும் ஆறவில்லை.

ஹார்டு டிஸ்க்கில் சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று இரண்டு வகை. சிஎம்ஆரில் தகவல் எழுதும் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக ஓடும். எஸ்எம்ஆரில் ஒரு தடத்தின் ஓரத்தில் அடுத்த தடம் ஏறி உட்கார்ந்திருக்கும். ராயபுரம் பக்கம் மிச்சமிருக்கும் பழைய ஓட்டு வீடுகளைப் பாருங்கள். நடுவில் ஓர் ஓடு உடைந்தால், மேலே படிந்திருக்கும் ஓடுகளையும் கிளப்பித்தான் ஆகணும். இதுவும் அப்படித்தான்: சின்ன மாற்றம் என்றாலும் அந்தப் பட்டை முழுவதையும் படித்து மறுபடி எழுதும். அதே தகட்டில் அதிகம் அடைக்க முடிவதால் விலை குறைவு.

வாங்கிய புதிதில் வித்தியாசமே தெரியாது. வேகமாக எழுதிக்கொள்ள டிஸ்க்குக்குள்ளேயே ஒரு சிறு பகுதி ஒதுக்கியிருக்கும். அது நிரம்பும்வரை குதிரை, நிரம்பிய பின் ஆமை.

என்னுடையது பழைய டெஸ்க்டாப்பில் ட்ரூநாஸ் என்ற நாஸ் சாஃப்ட்வேர் போட்ட பெட்டி. மூன்று டிஸ்க், ரெய்டு இசட்1. பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் ரெய்டில் இது ஒரு வகை. ஒன்று போனாலும் தாங்கும். பதினாலாவது மாதம் ஒன்று போனது. சரி, இதற்குத்தானே இந்த ஏற்பாடு என்று புதிதாக ஒன்றை, அதுவும் அதே ரகத்தில், வாங்கி மாட்டினேன். போன டிஸ்க்கில் இருந்ததை, மற்ற இரண்டையும் படித்துப் புதியதில் எழுத ஆரம்பித்தது. முதல் நாள் ராத்திரி 11 சதவீதம். மறுநாள் காலையில் 14. மூன்றாம் நாள் 19. இப்படி நாள்கணக்கில் விடாமல் படித்ததில், மிச்சமிருந்த பழைய டிஸ்க் இரண்டில் ஒன்றும் எர்ரர் காட்ட ஆரம்பித்தது. நாலாம் நாள் விடியற்காலையில் எல்லாம் போச்சு. தங்கச்சி வளைகாப்பு, என் பையன் முதன்முதலில் கடலைப் பார்த்து அழுத வீடியோ, எல்லாமே. மீட்டுத் தர ஒரு இடத்தில் 65,000 ரூபாய் கேட்டார்கள். மூன்று டிஸ்க்குக்கும் சேர்த்து நான் மிச்சம் பிடித்தது 4,000.

அட்டைப்பெட்டியில் எஸ்எம்ஆர் என்று எங்கேயும் போடவில்லை. கடையில் கேட்டதற்கு, "எல்லாம் ஹார்டு டிஸ்க்தான் சார்" என்றார்கள். நாஸுக்கென்றே விற்ற சில டிஸ்க்குகளிலும் இதைச் சொல்லாமல் வைத்திருந்தது 2020-லேயே அம்பலமானது. அதைப் படிக்காமல் போனது என் தப்பு.

அதனால் காசு கொடுக்கும் முன் லேபிளில் உள்ள மாடல் நம்பரை முழுசாக, கடைசி எழுத்துவரை, போனில் தட்டி, தயாரிப்பாளர் தளத்தில் சிஎம்ஆர் என்று இருக்கிறதா பாருங்கள். ஒரே பெயரில் ஒரு அளவு சிஎம்ஆராகவும் இன்னொரு அளவு எஸ்எம்ஆராகவும் இருக்கும். மலிவான 4 டெராபைட் டிஸ்க்கில் 256 மெகாபைட் கேஷ் (டிஸ்க்கிலேயே இருக்கும் தற்காலிக மெமரி) என்றால் சந்தேகப்படலாம், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. யுஎஸ்பியில் மாட்டி மாதம் ஒருமுறை பேக்கப் எடுக்க எஸ்எம்ஆர் போதும். தம்பி சீல் உடைக்காத இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உடைத்த ஒன்றை அதற்கு வைத்துக்கொண்டான்.

ரெய்டைப் பேக்கப் என்று நினைப்பது

தவறி அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். அவ்வளவுதான்.

பழைய ரவுட்டரில் மாட்டுவது

100 எம்பிபிஎஸ் போர்ட்டில் எப்பேர்ப்பட்ட பெட்டியும் நொடிக்கு 12 மெகாபைட்டைத் தாண்டாது. கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட்டில் 110 வரை வரும். கேபிளையும் பாருங்கள். எட்டுக் கம்பியில் நாலை மட்டும் கிரிம்ப் செய்திருந்தால் கிகாபிட் வராது.

வெளியிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் (இணையத்திலிருந்து உள்ளே வரும் வழி) திறப்பது

2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்), இணையத்துக்குத் திறந்திருந்த க்யூநாப் கம்பெனி நாஸ் பெட்டிகளைத் தேடித் தேடிப் பூட்டியது. போர்ட்டைத் திறக்காமல், வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் விபிஎன் போடுங்கள்.

யுபிஎஸ் வாங்காமல் தள்ளிப்போடுவது

தள்ளிப்போட வேண்டாம்.

தரையில் வைப்பது

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வியாசர்பாடி நண்பர் வீட்டில் தண்ணீர் புகுந்தபோது, டிவியைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தார்கள். கட்டிலுக்கு அடியில் இருந்த நாஸ் யார் ஞாபகத்திலும் இல்லை. கடல் பக்கம் ஜன்னலோரமும் கூடாது, உப்புக்காற்றில் ஸ்க்ரூ முதலில் துரு ஏறும்.

தம்பி வீடு கிரவுண்ட் ஃப்ளோர். மேல் ஷெல்ஃபில் வை என்றேன். அது சாமி ஷெல்ஃபாம். அம்மாவிடம் பேசிப் பார்க்கிறேன் என்று போயிருக்கிறான்.